தடுப்பூசி நாளில் பல்லையும் பார்க்கலாம்

2015–16 காலப்பகுதியில் இலங்கை முழுவதும் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்குச் சூத்தைப் பல் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளில் அந்தத் தொகை 63. அதற்கு முந்திய 2002–03 ஆய்வில் பன்னிரண்டு வயதினரின் தொகை 40 வீதமாக இருந்தபடியால் அங்கே நல்ல இறக்கம் தெரிகிறது. ஐந்து வயதினரின் தொகை அப்போது 65 வீதம். அது அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூத்த பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குப் புளோரைட்டு சேர்த்த பற்பசை மூலைக் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது ஒரு காரணம். 1950களில் நியூசிலாந்தின் முறையைப் பார்த்து இங்கே தொடங்கப்பட்டு, மகரகமவில் பயிற்சி பெற்றுப் பாடசாலைகளுக்குப் போகும் பற்சிகிச்சையாளர்களின் சேவை இன்னொரு காரணம். அதே பற்பசை அதே வீட்டில் இருந்தும் சின்னப் பிள்ளைக்கு ஏன் பயன்படவில்லை? இரண்டு வயதுப் பிள்ளையின் பல்லில் அதை யாரும் பூசுவதில்லை. அரசின் பற்சேவையும் பெரும்பாலும் பிள்ளை பாடசாலைப் படலையைத் தாண்டிய பிறகே பிள்ளையைக் காண்கிறது. முதலாம் வகுப்பில் வாயைத் திறக்கச் சொல்லும்போது அங்கே இருப்பது ஆரம்பச் சூத்தை அல்ல, மூன்று நான்கு வருடம் வளர்ந்து முடிந்த சூத்தை.

துளைக்காமல், ஊசி போடாமல், பிடுங்காமல் சூத்தையை நிறுத்தும் வைத்தியங்கள் பற்றி இப்போது உலகெங்கும் பேச்சாக இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் தனியார் பற்சிகிச்சை நிலையங்களின் பலகைகளில் அவை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. அவை நல்ல வைத்தியங்கள்தான். ஆனால் அவற்றின் பலன் முழுவதும் எந்த வயதில், எந்த இடத்தில் கொடுக்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. குடாநாட்டில் ஒரு பிள்ளையின் பல்லை முதன்முதலாகப் பார்க்க வேண்டிய இடம் தடுப்பூசி போடும் கிளினிக் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குப் புதுக் கட்டடமோ புதுக் கதிரையோ தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் நோயின் போக்கைப் பார்ப்போம். பல்லுக்குள் பூச்சி குடியிருக்கிறது, கண்டங்கத்தரி விதையின் புகையைப் பிடித்தால் அது வெளியே விழும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. பூச்சி இல்லை, பல்லின் மேல் படியும் வழுவழுப்பான படலத்தில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் சீனியை அவையும் சாப்பிட்டு அமிலத்தை வெளியே விடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ரொபேர்ட் ஸ்ரீபன் 1940களில் அளந்து காட்டியபடி, இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே அந்தப் படலத்தின் அமிலத்தன்மை ஏறிவிடுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கிறது. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கியதும் பல்லின் மிளிரியிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரைகின்றன. அமிலம் தணிந்ததும் உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து படிய வைக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நாள் முழுக்க நடக்கிறது. போவது வருவதை விஞ்சினால் சூத்தை, அவ்வளவுதான். சிறிதளவு புளோரைட்டு பக்கத்தில் இருந்தால் திரும்பி வருவது விரைவாகும், புதிதாகப் படிவது முன்னிருந்ததைவிட அமிலத்துக்கு எளிதில் கரையாததாகவும் இருக்கும். ஆகவே ஓட்டை விழுவதற்கு முன்னர், மேற்பரப்பு உடையாமல் அதன் அடியில் மட்டும் தாதுப்பொருள் குறைந்திருக்கும் பல மாதங்களுக்கு, சூத்தை திருப்பி அனுப்பக்கூடிய நோய். பல் வைத்தியத்தில் மக்கள் அதிகம் அறியாத உண்மை இது என்று சொல்வேன். அறியாததற்கு மக்களைக் குறை சொல்லவும் முடியாது. பல் வைத்தியரிடம் போவது வலி வந்தால்தான் என்பதே எங்கள் வழக்கம். வலி வரும்போது அந்த மாதங்கள் போய்விட்டன.

அந்த நிலையை யாரும் பார்க்கலாம், கருவி வேண்டாம். பிள்ளையை மடியில் படுக்க வைத்து, வெளிச்சம் உள்ள பக்கமாகத் திருப்பி, மேலுதட்டைப் பெருவிரலால் மெல்லத் தூக்கி, சுத்தமான சீலைத் துண்டால் முன்பற்களைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முரசை ஒட்டி, பல்லின் அடியில், சுண்ணாம்பு தொட்ட விரலால் கீறியதுபோல வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். ஈரமாக இருக்கும்போது மறைந்துவிடும், காய்ந்தால்தான் தெரியும். மற்றப் பகுதி பளபளக்க, இந்தக் கோடு மட்டும் மங்கலாக இருக்கும். பலர் இதைப் பால் படிந்த தடம் என்று விட்டுவிடுகிறார்கள். துடைத்தும் போகாவிட்டால் அது பால் அல்ல. சில மாதங்களில் அந்தக் கோடு மஞ்சளாகும், பிறகு மண்ணிறமாகும், பிறகு ஓரம் உடைந்து விழும். மேல் முன்பற்களில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கீழ் முன்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காக்கின்றன. மேல் முன்பற்கள் போத்தல் பாலில் இரவு முழுக்க நனைந்து கிடக்கின்றன, நித்திரையில் உமிழ்நீரும் குறைவு.

இந்த வெள்ளைக் கோட்டுக்கு முதல் வைத்தியம் பற்பசைதான். இதைச் சொன்னால் சப்பென்று இருக்கும். ஆனால் உலகில் உள்ள சான்றுகளில் மிக உறுதியானது இதற்கே. 1000 முதல் 1500 பி.பி.எம். வரை புளோரைட்டு உள்ள சாதாரணப் பற்பசை, மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி மணியளவு, அதற்குப் பிறகு ஒரு பட்டாணியளவு, நாளுக்கு இரண்டு முறை, இரவில் கட்டாயம். பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும். துப்பிய பிறகு வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கும் எங்கள் பழக்கம் பூசியதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது, துப்பினால் போதும். பெட்டியில் புளோரைட்டு அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போது பார்க்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்கென்று பழ வாசனையோடு விற்கப்படும் சிலவற்றில் அது மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. வேப்பங்குச்சியும் உமிக்கரியும் பல்லைத் துடைக்கும், மறுப்பில்லை. ஆனால் கரைந்துபோன தாதுப்பொருளைத் திரும்பப் படிய வைக்க அவற்றில் எதுவும் இல்லை. ஸ்கொட்லாந்தில் முன்பள்ளிகளில் ஆசிரியரின் மேற்பார்வையில் தினமும் பல் தேய்க்க வைக்கும் திட்டம் ஒன்றை நாடு முழுக்க நடத்தினார்கள். 2003 இல் அங்கே முதலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் கண்ணுக்குத் தெரியும் சூத்தை இல்லாதவர்கள் நூற்றுக்கு 45 பேர். 2014 இல் 68 பேர். பற்களைப் பிடுங்குவதிலும் அடைப்பதிலும் மிச்சமான பணம், திட்டத்துக்கான செலவைத் தாண்டியது. குடாநாட்டில் முன்பள்ளி இல்லாத கிராமம் அரிது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு பற்பசைக் குழாய் எத்தனை வாரம் போகும் என்பதை எந்த முன்பள்ளி ஆசிரியையும் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

சீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவீடனின் லுண்ட் நகரில் விப்பெஹோல்ம் என்ற விடுதியில், அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1940களின் நடுப்பகுதியிலிருந்து ஒட்டும் ரொபிகளைக் கொடுத்துப் பல் எப்படிச் சூத்தையாகிறது என்று பார்த்தார்கள். இன்று எந்த நாட்டிலும் அனுமதிக்கப்படாத கொடுமையான ஆய்வு அது. ஆனால் அதிலிருந்து தெரிந்தது மறக்க முடியாதது: சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கும் சீனி செய்யும் கேடு குறைவு, இடையிடையே, ஒட்டும் வடிவில், அடிக்கடி எடுக்கும் சீனிதான் பல்லைத் தின்கிறது. எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். இந்தக் கண்ணால் எங்கள் வீட்டைப் பார்த்தால் சில விடயங்கள் துலங்கும். வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் எங்கள் ஊரின் அழகான பழக்கம். துண்டைக் கடித்து ஒதுக்கி வைத்துக்கொண்டு, தேத்தண்ணியை மிடறு மிடறாகக் குடிப்பது. பெரியவர் அப்படிக் குடிக்கும்போது மடியில் இருக்கும் பேரப்பிள்ளையின் வாயிலும் ஒரு சின்னத் துண்டு போய்விடும். பனங்கட்டி சீனியைவிட நல்லது என்ற நம்பிக்கை உடம்புக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு கதை. பல்லில் இருக்கும் நுண்ணுயிருக்கு இரண்டும் ஒன்றுதான், பனங்கட்டியின் பெரும்பகுதி அதே சுக்குரோசு. பனாட்டு இன்னும் ஒரு படி மேலே, பல்லில் ஒட்டிக்கொண்டு நேரம் எடுத்துக் கரையும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களில் தும்புமுட்டாஸ் வாங்கிக் கொடுக்காதே என்று யாரும் பெற்றோரிடம் சொல்ல வேண்டியதில்லை. அது வருடத்தில் ஒரு கொண்டாட்டம். நித்திரைக்குப் போகும் பிள்ளையின் வாயில் சீனி போட்ட பால் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போவது தினமும் நடக்கும் கொண்டாட்டம், கேடு அதில்தான். வெளிநாட்டிலிருந்து வரும் மாமா கொண்டுவரும் ஒரு பை சொக்லேற்றை ஒரே நாளில் தின்றுமுடிப்பது, அதை மூன்று மாதத்துக்குத் தினமும் ஒவ்வொன்றாகக் கொடுப்பதைவிடப் பல்லுக்கு நல்லது. தாய்மார் இதை நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை.

பற்பசைக்கு அடுத்தபடி வார்னிஷ். 22,600 பி.பி.எம். புளோரைட்டு கொண்ட பிசுபிசுப்பான பூச்சு, சின்னத் தூரிகையால் பல்லில் தடவினால் உமிழ்நீர் பட்டதும் இறுகிக்கொள்ளும், சில மணி நேரம் ஒட்டிக்கொண்டிருந்து மெல்ல மெல்லப் புளோரைட்டை விடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும். 2013 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, பால்பற்களில் புதுச் சூத்தையை இது சராசரியாக 37 வீதம் குறைப்பதாகக் கணித்தது. ஆனால் பிற்பாடு வட அயர்லாந்தில் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளில் நடந்த பெரிய சோதனை ஒன்றில், வார்னிஷும் பற்பசையும் பெற்ற பிள்ளைகளில் 34 வீதத்தினருக்கும் பெறாதவர்களில் 39 வீதத்தினருக்கும் சூத்தை வந்தது. அந்த வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவுக்குச் சிறியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பற்பசையால் தினமும் தேய்க்காத பிள்ளைக்கு வார்னிஷை மட்டும் நம்பி எதையும் வாக்களிக்க முடியாது என்று தெரிகிறது. வெள்ளைக் கோடு ஏற்கனவே தெரிகிற பிள்ளைக்கு அதைப் பூசுவதில் நியாயம் உண்டு. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் பூசிப் படம் எடுத்து முடிப்பதில் அவ்வளவு நியாயம் இல்லை.

ஓட்டை விழுந்துவிட்ட பால்பல்லுக்கு வருவோம். இங்கேதான் பழைய வைத்தியத்துக்கும் புதியதுக்கும் வித்தியாசம் பெரிது. வெள்ளி டயமின் புளோரைட்டு என்று ஒரு திரவம். ஜப்பானில் 1970இலிருந்தே பாவனையில் இருந்தது. மற்ற நாடுகள் பலவும் அதை ஏறெடுத்துப் பார்க்க நீண்ட காலம் பிடித்தது. 38 வீதக் கரைசலில் வெள்ளி நுண்ணுயிரைக் கொல்கிறது, புளோரைட்டு மிச்சமுள்ள பல்லை இறுக்குகிறது. செய்முறையை விவரித்தால் அதன் எளிமை விளங்கும். பிள்ளையின் உதட்டிலும் முரசிலும் கொஞ்சம் வசிலின் பூசுவார்கள். பல்லின் இரு பக்கமும் பஞ்சு வைத்து உலர்த்துவார்கள். ஒரு சொட்டைச் சின்னக் கிண்ணத்தில் விட்டு, குண்டூசித் தலையளவு நுனியுள்ள தூரிகையால் தொட்டு ஓட்டைக்குள் ஒரு நிமிடம் தடவுவார்கள். அவ்வளவுதான். ஊசி இல்லை, துளைக்கும் சத்தம் இல்லை, மின்சாரம் வேண்டாம். வாயில் ஒரு உலோகச் சுவை கொஞ்ச நேரம் நிற்கும். தோலில் பட்டால் மண்ணிறத் தடம் வந்து சில நாட்களில் போய்விடும். ஹொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 375 சீன முன்பள்ளிப் பிள்ளைகளில் 30 மாதம் நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆய்வுதான் இதன் மறுபிறப்புக்கு வழிவிட்டது. கியூபாவின் சந்தியாகோ நகரில் ஆறு வயதுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூசி மூன்று வருடம் பார்த்தார்கள். புதிதாக முளைத்த கடைவாய்ப்பற்களில் வந்த சூத்தை, பூசாத பிள்ளைகளில் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. எங்களைப் போன்ற வெப்பமான, பணம் குறைந்த ஒரு தீவு நாட்டில் நடந்தபடியால் அந்த ஆய்வைக் குறிப்பாகச் சொல்கிறேன். 2018 இல் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கத்தின் வழிகாட்டி, ஓட்டை விழுந்த பற்களில் சூத்தையை நிறுத்த இதையே முதலில் சொன்னது. 2021 இல் உலக சுகாதார அமைப்பு தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புளோரைட்டுப் பற்பசையோடும் கண்ணாடி அயனோமர் சீமெந்தோடும் இதையும் சேர்த்தது.

குறை ஒன்று உண்டு; அதை மறைத்துத் திட்டம் போடுவது புத்தி அல்ல. திரவம் பட்ட சூத்தைப் பகுதி கறுத்துவிடும், கறுப்பாகவே இருக்கும். நல்ல பகுதி கறுக்காது; கறுத்துப் போன இடம் சூத்தை நின்றுவிட்டதற்கு அடையாளமும் கூட. ஆனால் பிள்ளையின் முன்பல்லில் கறுப்பு என்றால் எந்த அம்மா ஒப்புக்கொள்வாள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பிறந்தநாள் படத்தில் சிரிக்கும் பிள்ளையின் வாய் உறவினர் எல்லோருக்கும் போகிற காலம் இது. இரண்டு பதில் உண்டு. முன்பல்லானால் சூத்தை நின்ற பிறகு கண்ணாடி அயனோமரால் மேலே மூடிவிடலாம். கடைவாய்ப்பல்லானால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது, தெரிவு கறுத்த பல்லுக்கும் வெள்ளைப் பல்லுக்கும் இடையில் அல்ல. ஏற்கனவே மண்ணிறமாகி உடைகின்ற பல்லை மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்குவதா, வலியில்லாமல் கறுக்கவிட்டு ஆறு ஏழு வயதில் தானாக விழும்வரை வைத்திருப்பதா என்பதே தாயின் முன் உள்ள கேள்வி. இதைத் தாய்க்கு முன்கூட்டிப் படத்தோடு காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பூசிவிட்டு, பிள்ளை வீட்டுக்குப் போய் வாயைத் திறந்ததும் கிளம்பும் கோபத்தில் அந்த ஊரில் திட்டம் அதோடு சரி.

பால்பல்லு விழப் போகிறதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்பது பரவலான எதிர்க்கேள்வி. முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழும், உண்மை. பின்னாலுள்ள பால் கடைவாய்ப்பற்கள் பத்து பன்னிரண்டு வயதுவரை இருக்கின்றன. அதாவது ஒரு பிள்ளை தன் பாடசாலை வயதின் பாதியை அந்தப் பற்களால்தான் மெல்லுகிறது. அவற்றில் சீழ் கட்டினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கும் கேடு வரலாம். முந்திப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்னால் வருபவை நெருக்கியடித்து முளைக்கும். இன்னொரு விடயம், ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் யாருடைய கண்ணிலும் படாமல் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடும் பெற்றோர் அதிகம். பக்கத்தில் நான்கு சூத்தைப் பற்கள் இருக்கும் வாயில் புதிதாக வந்த அந்தப் பல் தப்புவது கடினம். அது விழுந்தால் வேறு வராது.

புளோரைட்டைப் பற்றிய பயமும் எங்கள் நாட்டில் வேரில்லாதது அல்ல. வடமத்திய மாகாணத்தின் ஆழக் கிணற்று நீரில் புளோரைட்டு மிகுந்து, பிள்ளைகளின் பல்லில் மண்ணிறத் திட்டுகள் விழுந்ததை நாடே அறியும். 2024 இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட மீளாய்வும், லீட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைட்டு நீருக்கும் பிள்ளைகளின் நுண்ணறிவுக் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. இரண்டுமே குடிநீரைப் பற்றியவை, ஒவ்வொரு நாளும் வயிற்றுக்குள் போவதைப் பற்றியவை. அரிசி மணியளவு பற்பசையிலும் வருடத்துக்கு இரண்டு தடவை தொடும் ஒரு சொட்டிலும் இருப்பது வேறு கணக்கு. ஒரு சொட்டு வெள்ளித் திரவத்தில் இருக்கும் புளோரைட்டு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். குடாநாட்டுக்கு இப்போது வருகிற மாற்றம் எதிர்ப்பக்கமானது. 2024 ஓகஸ்ட் மாதம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. உப்பைப் பிரிக்கும் அந்த முறை புளோரைட்டையும் ஏறக்குறைய முழுவதும் பிரித்துவிடுகிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த பிரச்சினைக்குப் பிறகு சுத்திகரித்த போத்தல் தண்ணீரை வாங்கிக் குடிக்கும் வீடுகளும் அதிகம், அதிலும் அப்படித்தான். கிணற்று நீரிலிருந்து சிறிதளவாவது கிடைத்துவந்த பிள்ளைகளுக்கு அதுவும் இனிக் குறையும். உப்புத் தண்ணீர் குடித்த வடமராட்சி கிழக்குக்கு நல்ல தண்ணீர் வந்ததைக் குறை சொல்ல யாரும் முன்வரமாட்டார்கள். ஆனால் பற்பசையின் முக்கியம் அங்கே கூடியிருக்கிறது என்பதை யாராவது அந்தத் தாய்மாரிடம் சொல்ல வேண்டும்.

இனி இடம். இலங்கையின் தடுப்பூசி அட்டவணைப்படி பிள்ளை ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம், மூன்று வயது, ஐந்து வயது எனக் கிளினிக்குக்கு வருகிறது. நாட்டில் தடுப்பூசி தவறுகிற பிள்ளைகள் மிகச் சிலர். போர்க்காலத்திலும் குலையாமல் நின்ற சேவை இது. முதற்பல் ஆறு எட்டு மாதத்தில் முளைக்கிறது. ஆக, பன்னிரண்டாம் மாதத்தில் முதல் பார்வை, பதினெட்டாம் மாதத்தில் வெள்ளைக் கோடு தேடும் பார்வை, மூன்று வயதில் ஓட்டை தேடும் பார்வை என்று வைத்துக்கொண்டால், நோயின் மூன்று படிகளும் ஏற்கனவே உள்ள மூன்று நாட்களில் பொருந்திவிடுகின்றன. உதட்டைத் தூக்கிப் பார்க்க முப்பது வினாடி போதும். கோடு இருந்தால் தாய்க்குப் பற்பசை பற்றிய சொல்லும் வார்னிஷும். ஓட்டை இருந்தால் மாதத்தில் ஒரு நாள் அதே கிளினிக்குக்கு வரும் பற்சிகிச்சையாளரிடம் அனுப்புதல். கர்ப்பிணிகளைப் பற்பரிசோதனைக்கு அனுப்பும் நடைமுறை குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழியே ஏற்கனவே இருக்கிறது. அதே கைகளே இதையும் செய்யலாம். தீவகத்துக்கு இது இன்னும் பொருந்தும். நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளையைப் பல் அடைக்க யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவர, குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரப் படகு, பிறகு பேருந்து, திரும்பிப் போகக் கடைசிப் படகுக்கு ஓட்டம். தாயின் ஒரு நாள் கூலி அதோடு போய்விடும். அந்தப் படகில் எதிர்ப்பக்கமாக ஒரு பற்சிகிச்சையாளரும் ஒரு சின்னப் போத்தலும் போனால் இருபது பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அதே நாள் திரும்பலாம்.

குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு இருக்கிற சுமை போதாதா, பல்லுமா என்பது அந்தத் துறையிலிருந்தே வரக்கூடிய எதிர்ப்பு. பதிவேடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர்கள் சலிப்பதில் நியாயம் இருக்கிறது. அவர்களிடம் கேட்பது உதட்டைத் தூக்கிப் பார்ப்பதும் ஒரு குறி இடுவதும் மட்டுமே. பூசுவது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் யார் பயிற்சி பெற்றவர் என்ற வரம்பையும் கொஞ்சம் தளர்த்தலாம். நியூயோர்க் நகரின் பாடசாலைகளில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஒரே தடவை பூசிய வெள்ளித் திரவம் ஏற்கனவே இருந்த சூத்தைகளில் ஏறத்தாழப் பாதியை இரண்டு வருடம் மேலே போகாமல் நிறுத்தியது. தாதியர் பூசியதற்கும் பல் சுகாதாரப் பணியாளர் பூசியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் அதே ஆய்வுக்குழு கண்டது. பாதிதான் என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இருப்பார்கள். ஒரு நிமிட வேலைக்கு, ஊசியில்லாமல், கதிரையில்லாமல் கிடைத்த பாதி அது. மற்றப் பாதிக்கு ஆறு மாதத்தில் இன்னொரு சொட்டு உண்டு, அதற்கும் அடங்காவிட்டால் பல் வைத்தியர் இருக்கவே இருக்கிறார்.

இது ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம், கொழும்புப் பிள்ளைக்கு அடைப்பும் எங்கள் பிள்ளைக்குக் கறுப்பு மையுமா என்ற கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாகத் தெரிகிறது, ஏனென்றால் வடக்கில் இப்படிப்பட்ட சந்தேகங்களுக்குக் காரணங்கள் உண்டு. அதற்கான பதில் பணக்கார நாடுகளிடமே இருக்கிறது. இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதற்கு முதற்காரணமே சூத்தைப் பல்; தேர்ந்த கருவிகளும் கதிரைகளும் அங்கே குறைவில்லை. பிரித்தானியாவில் மூன்று முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்கு வழமைபோல் துளைத்து அடைப்பது, சூத்தையை உள்ளேயே மூடி வைப்பது, தடுப்பு மட்டும் செய்வது என்ற மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2020 இல் வந்தது. மூன்று பிரிவிலும் ஏறத்தாழ 40 வீதத்துக்குச் சற்று முன்பின்னான பிள்ளைகள் வலியோ சீழோ கண்டார்கள். துளைத்து அடைத்ததால் தனி இலாபம் இல்லை. மூன்றுமே பிந்தித் தொடங்கிய வைத்தியங்கள் என்பதை அந்த எண் காட்டுகிறது. சூத்தைப் பால்பல்லுக்கு மேல், துளைக்காமலே, உலோகத் தொப்பியை அழுத்தி வைக்கும் முறையை ஸ்கொட்லாந்துப் பல் வைத்தியர் நோர்னா ஹோல் தொடங்கிவைத்து, இன்று அது உலகெங்கும் பாடமாகிவிட்டது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2022 இல் எடுத்த முடிவு, பால்பற்களிலும் பதினைந்து வயதுக்குக் கீழானவர்களிலும் வெள்ளி அமல்கம் அடைப்பைத் தவிர்க்கச் சொல்கிறது; இலங்கையும் அதில் உறுப்பு நாடு. 2021 இல் வாய்ச் சுகாதாரத்தைத் தடுப்புப் பக்கம் திருப்பும் தீர்மானத்தை உலக சுகாதாரப் பேரவையில் முன்வைத்த நாடுகளிலும் இலங்கை ஒன்று. ஜெனீவாவில் கை உயர்த்திய வைத்தியம் வேலணையில் இரண்டாந்தரமாகிவிடாது.

எல்லைகளும் உண்டு. இரவில் நித்திரையைக் குழப்பும் வலி, முரசில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம், காய்ச்சல் ஆகியவை வந்த பல்லுக்கு மேலே சொன்ன எதுவும் வைத்தியம் அல்ல. அன்றைக்கே பல் வைத்தியரிடம் போக வேண்டும். வெள்ளி ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் திரவம் கூடாது. கிளினிக்கில் பூசியபின் ஆறு மாதத்தில் திரும்ப வராத பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களில் சிலருக்குச் சூத்தை மீண்டும் நகரும். அதற்காகத்தான் பூசும் நாளைத் தடுப்பூசி நாளோடு கட்ட வேண்டும் என்கிறேன். தடுப்பூசிக்கு வராத தாய் எங்கள் ஊரில் குறைவு.

மாகாணம் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. வேலணை, மருதங்கேணி போன்ற ஒன்றிரண்டு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில், முன்பள்ளிப் பற்தேய்ப்பையும் கிளினிக் பார்வையையும் சேர்த்துத் தொடங்கலாம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை செய்ய வேண்டியது மூன்று: ஒரு சுற்றறிக்கை, கறுத்த பல்லின் வண்ணப்படம் அச்சிட்ட தமிழ்ச் சம்மதப் பத்திரம், தடுப்பூசிப் பதிவேட்டில் பல்லுக்கென இரண்டு நிரல்கள். ஒன்றில் பதினெட்டாம் மாதத்தில் வெள்ளைக் கோடு இருந்ததா என்ற குறி. மற்றதில் மூன்று வயதில் ஓட்டை இருந்ததா என்ற குறி. முதலாவது நிரலில் குறி விழுந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரண்டாவதிலும் விழுகிறது என்பதை அந்தப் பிரிவின் வைத்திய அதிகாரி வருடத்துக்கு ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம். திட்டம் இல்லாத பக்கத்துப் பிரிவிலும் அதே இரண்டு குறிகளை மட்டும் இடச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடலாம். மூன்று நான்கு வருடத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் பணத்தை வேறு எதற்காவது திருப்பிவிடலாம்.